கோட்டை சுற்றி வந்த தந்தி

நேற்று மார்க்ஸ்பூர்க் கோட்டை என் தபால்பெட்டிக்கு வந்து சேர்ந்தது. கீழ்வீட்டுத் தம்பதி ரைன் நதிப் பக்கம் விடுமுறைக்குப் போயிருக்கிறார்கள்; அங்கிருந்து ஒரு பட அட்டை போட்டிருக்கிறார்கள். மலை உச்சியில் அதே கோபுரம், கீழே அதே நதி. பின்பக்கத்தில், "வானிலை அருமை, நீங்களும் ஒருமுறை வந்து பார்க்க வேண்டும்" என்று எழுதியிருந்தது. நான் பார்த்தாயிற்று என்று அவர்களிடம் சொல்லப்போவதில்லை. அட்டையைக் கவிழ்த்து வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனேன். பால் பொங்கி வழிந்ததைக்கூடக் கவனிக்கவில்லை. நீ போய் இன்றோடு அறுபத்திரண்டு நாள் ஆகிறது.

உனக்கு எழுத வேண்டியதை நீ இருக்கும்போதே எழுதியிருக்க வேண்டும். பத்து வருடத்துக்கு மேல் அவகாசம் இருந்தது. நாக்கு நீளம் என்று நீ என்னைக் கேலி செய்வாய். ஊர் விஷயம் அத்தனையும் பேசிய நாக்கு, இந்த ஒன்றை மட்டும் பேசவில்லை. இப்போது எழுதுவது உனக்குப் பயன்படாது. எனக்காவது பயன்படட்டும்.

நாம் ஜெர்மனியின் பான் நகரத்தில் ஒரே வீட்டின் மாடியில் அடுத்தடுத்த அறைகளில் இருந்த காலம் அது. நீ பாளையங்கோட்டை, நான் ஈரோடு. நீ ஞாயிறு தவறாமல் கோவிலுக்குப் போகிற கிறிஸ்தவப் பெண், நான் நினைத்தால் விளக்கேற்றுகிறவள். ஊரில் இருந்திருந்தால் நீயும் நானும் ஒருவர் வீட்டு வாசலை ஒருவர் மிதித்திருக்க மாட்டோம். இங்கே வேதியியல் ஆய்வுக்கூடத்தில் ஒரே மேசைக்கு இரண்டு பக்கமும் நின்றோம், ஒரே வாணலியில் சமைத்தோம். நான் முந்திக்கொள்கிறவள். எந்த ரயிலில் ஏறுவது, எந்தக் கடையில் அரிசி வாங்குவது, நீ எந்தக் கோட்டு போட வேண்டும் என்பதுவரை நான்தான் முடிவு செய்வேன். "ஏட்டி, என் மூக்கையாவது நானே சிந்திக்கிடட்டுமா?" என்று நீ சிரிப்பாய். கோபித்ததில்லை. அதனால் அந்தப் புத்தி எனக்கு மாறவும் இல்லை.

கோட்டைப் பைத்தியம் உன்னுடையதல்ல, உன் அப்பாவுடையது. பள்ளிக்கூடத்தில் சரித்திரம் நடத்தியவர், மதுரையைத் தாண்டிப் போனதில்லை. நீ ஜெர்மனிக்குக் கிளம்பும்போது நகை நட்டு எதுவும் கேட்கவில்லை; ரைன் கரையில் வரிசையாக நிற்கும் கோட்டைகளைப் பார்த்து, ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு அட்டை எழுதச் சொன்னார். அதுவும் வெறும் படம் போதாது. எதில் சமைத்தார்கள், குளிருக்கு என்ன செய்தார்கள், எங்கே ஒதுங்கினார்கள் என்று விவரம் வேண்டும். "ராஜா எந்தக் கட்டில்ல படுத்தான்னு எல்லாரும் எழுதுதான். காலைல எங்க போனான்னு எவனும் எழுதல," என்பாராம். நீ அவர் குரலிலேயே அதைச் சொல்லிக் காட்டுவாய். அவரை நான் பார்த்ததே இல்லை. ஆனால் தெருவில் எதிரே வந்திருந்தால் அடையாளம் கண்டிருப்பேன்.

நாம் மார்க்ஸ்பூர்க் போன அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு அடுத்த வியாழன் உன்னுடைய முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வு. படித்துப் படித்து உன் கண்ணுக்குக் கீழே கறுத்துப் போயிருந்தது. ஒரு நாள் மூளை காற்று வாங்கட்டும், இரண்டு கோட்டை பார்த்துவிட்டு வரலாம் என்று இழுத்ததும் நான்தான்.

காலையில் நீ நிலவறைக் குளியலறையில் தலைக்குக் குளித்துக்கொண்டிருந்தாய். வீட்டுக்காரம்மா தேவாலயத்துக்குப் போயிருந்தாள். நான் எலுமிச்சைச் சோற்றைத் தகர டப்பாவில் அடைத்துக்கொண்டிருந்தபோது மணி அடித்தது. தந்திக்காரர். கையெழுத்துப் போட்டு வாங்கினேன். உன் பெயருக்கு வந்திருந்தது. பிரித்தேன். நம் ஊரில் தந்தியை யார் வாங்குகிறார்களோ அவர்கள்தான் பிரிப்பார்கள். அதில் எனக்கு ஒரு தயக்கமும் இல்லை.

அப்பா நேற்று மாலை இறந்தார், ஐஸ் வைத்திருக்கிறோம், வருகிறாய் என்றால் காத்திருப்போம், உடனே பதில். கீழே உன் தம்பி பெயர்.

அதைப் படித்துவிட்டு நான் என்ன செய்தேன் தெரியுமா? டப்பாவின் மூடியை அழுத்தி மூடினேன். தந்தியை நாலாக மடித்து என் கோட்டின் உள்பையில் வைத்தேன். எங்கள் வீட்டில் சாவுச் செய்தியை வெறும் வயிற்றுக்காரர்களிடம் சொல்வதில்லை. சொன்ன பிறகு அடுப்பு எரியாது, யாரும் சாப்பிடச் சொல்ல மாட்டார்கள், அழுகிறவர்களுக்குத் தெம்பு வேண்டும். என் பெரியப்பா செத்த அன்று, பள்ளிக்கூடத்திலிருந்து வந்த எனக்கு அம்மா வழக்கத்துக்கு மாறாக இரண்டு தோசை கூடுதலாக வார்த்துப் போட்டாள். கை கழுவிய பிறகுதான் சொன்னாள். உங்கள் வீட்டிலும் அப்படித்தான் என்று நீயே ஒருமுறை சொல்லியிருக்கிறாய். நீ முந்தின இரவும் சரியாகச் சாப்பிடவில்லை. ஒரு வாய் சாப்பிடட்டும், பிறகு சொல்லலாம் என்று நினைத்தேன். அவ்வளவுதான் நினைத்தேன். சத்தியமாக அவ்வளவுதான்.

ஆனால் நீ ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டு மேலே வந்து, "ரயில்ல சாப்பிட்டுக்கலாம், நேரமாச்சு, ஓடு ஓடு," என்றாய். நான் ஓடினேன்.

ரயிலில் நீ டப்பாவைத் திறக்கவில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து கோட்டைகளை எண்ணிக்கொண்டு வந்தாய். நான் எனக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். ஞாயிறு, எல்லாம் மூடியிருக்கும், டிக்கெட்டுக்கு வழியில்லை, எப்படிப் போனாலும் மூன்று நாள் ஆகும், வியாழன் தேர்வு. போக முடியாது. போக முடியாதபோது நாலு மணி நேரம் முன்னால் அழுதால் என்ன, பின்னால் அழுதால் என்ன? இப்படி ஒரு வழக்கை நடத்தி, வக்கீலும் நானே நீதிபதியும் நானே என்று தீர்ப்பும் எழுதிவிட்டேன். உன்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பிரௌபாக்கில் இறங்கி மலை ஏறினோம். மார்க்ஸ்பூர்க்கில் ஒரு கிழவர் முழ நீளச் சாவியால் கதவைத் திறந்து கும்பலை உள்ளே விட்டார். பாறையில் குதிரைகளுக்காக வெட்டிய படிகள், பீரங்கிகள், ஆள் உயர அடுப்பு. பெரிய கூடத்தின் சுவரில், வெளியே தொங்குகிற மாதிரி ஒரு சின்ன அறை. கிழவர் அதன் கதவைத் திறந்து அதுதான் கழிப்பறை என்றதும், நீ சின்னப் பிள்ளை மாதிரி என் கையைக் கிள்ளினாய். உள்ளே எட்டிப் பார்த்தாய். தரையில் ஒரு துவாரம், கீழே மலைச்சரிவு. "ஏட்டி, கண்டுபிடிச்சாச்சு! அப்பாட்ட இதை உடனே சொல்லணும்!"

வாசல் கடையில் அட்டை வாங்கினாய். மதில் கல்லின்மேல் வைத்து, இடம் போதாமல் ஓரம் ஓரமாகத் திருப்பித் திருப்பி எழுதினாய். கழிப்பறைக் கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் கிடையாது என்பதுவரை எழுதினாய். பிறகு பேனாவை என்னிடம் நீட்டினாய். ஒவ்வொரு அட்டையிலும் நான் ஒரு வரி எழுதுவது வழக்கம். உன் அப்பாவும் பதிலில் எனக்கென்று ஒரு வரி எழுதுவார்.

செத்துப்போன மனிதருக்கு என்ன எழுதுவது? பேனாவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "குளுருல கை வெறச்சுட்டா?" என்று கேட்டாய். ஐஸ் பாளத்தின்மேல் கிடக்கிறவரை நினைத்துக்கொண்டு எழுதினேன்: "அப்பாவுக்கு வணக்கம். உங்கள் மகளை நான் பத்திரமாகப் பார்த்துக்கொள்கிறேன்." நீ அதை எட்டிப் படித்துவிட்டு, "ஆமா, நான் எட்டு மாசக் குழந்தை பாரு," என்று அட்டையைப் பிடுங்கிக்கொண்டு போய் மஞ்சள் தபால்பெட்டியில் போட்டாய். அது விழுந்த சத்தம் எனக்குக் கேட்டது.

டப்பாவை ஒருவழியாக அங்கேதான் திறந்தோம். நீ நன்றாகச் சாப்பிட்டாய். வயிறு நிறைந்துவிட்டது, இனிச் சாக்குச் சொல்ல எதுவும் இல்லை. அப்போது சொல்லியிருக்க வேண்டும். நான் உள்பையில் கையை வைத்தேன். நீ சுவரில் சாய்ந்து கண்ணை மூடி வெயில் காய்ந்துகொண்டிருந்தாய். உன் முகத்தில் பல மாதங்களுக்குப் பிறகு ஒரு தெளிவு இருந்தது. அதைக் கெடுக்க எனக்குத் தைரியம் வரவில்லை. இரக்கம் என்று அன்று நினைத்தேன். இப்போது அதன் பெயர் கோழைத்தனம் என்று தெரிகிறது.

மத்தியான ரயிலில் ஏறி, அடுத்தடுத்து நிற்கும் எலிக் கோட்டையையும் பூனைக் கோட்டையையும் பார்த்தபடி போனோம். இறங்கிப் படகில் நதியைக் கடந்து ரைன்ஃபெல்ஸ் கோட்டைக்கு ஏறினோம். அது முழு இடிபாடு. கூரையில்லாத கூடங்கள், புல் முளைத்த படிகள். ஒரு கோபுரத்துக்குள் பாதாளச் சிறை. கதவு கிடையாது, மேலே இருக்கிற ஒரு துவாரம் வழியாகக் கைதியைக் கயிற்றில் கட்டி இறக்குவார்களாம். நீ கம்பியைப் பிடித்துக் குனிந்து பார்த்தாய். "உள்ள கிடக்கிறவனுக்கு மேல என்ன நடக்குதுன்னு ஒண்ணுமே தெரியாது இல்லையா? வீட்டுல யாரும் செத்தாக்கூட?" என்றாய்.

நீ நிமிர்ந்து என்னைப் பார்த்தாய்.

"அப்பாவுக்கு லேசா நெஞ்சுவலின்னு தம்பி போன லெட்டர்ல எழுதியிருந்தான். பயப்படாதேன்னு எழுதியிருக்கான். எனக்கு அதுதான் பயமா இருக்கு. ஏட்டி, எக்ஸாம் கிக்ஸாம்னு பார்க்காம, ஏதும் வந்தா எங்கிட்ட உடனே சொல்லிருவெல்லா?"

"சொல்லாம?" என்றேன்.

இந்த ஒற்றைச் சொல்லுக்குத்தான் எனக்கு மன்னிப்பே கிடையாது. காலையில் செய்தது நம் வழக்கம். மதில் ஓரத்தில் செய்தது கோழைத்தனம். இது பொய். நீ முகத்துக்கு நேரே கேட்டாய், தந்தி என் நெஞ்சின்மேல் இருந்தது, நான் முகத்துக்கு நேரே பொய் சொன்னேன். நீ நிம்மதியாகப் போய் அங்கும் ஒரு அட்டை வாங்கினாய். அதில் நான் என் பெயரை மட்டும் எழுதினேன்.

வீட்டுக்கு வந்தபோது மாலை ஏழரை. நீ கோட்டைக் கழற்றி மாட்டப் போனாய். நான் கீழே போய், இரண்டு நிமிடம் படிக்கட்டில் நின்றுவிட்டு மேலே வந்து, இப்போதுதான் வந்தது என்று சொல்லித் தந்தியைக் கொடுத்தேன். நீ படித்தாய். அழவில்லை. சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தாய். உடனே கீழே ஓடி வீட்டுக்காரம்மாவின் கதவைத் தட்டினாய். அவள் பிராங்க்பர்ட் விமான நிலையத்துக்குத் தொலைபேசியில் பேசினாள். பம்பாய்க்கு ஒரு விமானம் அன்றிரவே இருந்தது. இன்னும் ஒன்றரை மணி நேரத்தில் கிளம்புகிறது. இங்கிருந்து அங்கே போகவே இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அடுத்தது புதன்கிழமை.

டிக்கெட் விமான நிலையத்திலேயே கிடைத்திருக்கும் என்று சொல்லி வீட்டுக்காரம்மா அங்கலாய்த்தாள்: "உன் பேராசிரியருக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவரே காரில் கொண்டுபோய் ஏற்றிவிட்டிருப்பாரே. ஒரு நாலு மணி நேரம் முன்னால் வந்திருக்கக் கூடாதா இந்தத் தந்தி!" நாம் காலையில் ஏறிப் போனதே பிராங்க்பர்ட் போகிற திசை. பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு மேலே போயிருந்தால் மத்தியானமே அங்கே இருந்திருப்பாய்.

அடக்கம் செய்யுங்கள் என்று நீயே பதில் தந்தி கொடுத்தாய். வியாழக்கிழமை தேர்வுக்குப் போனாய். எல்லாக் கேள்விக்கும் நின்று நிதானமாகப் பதில் சொன்னாய். பாராட்டிக் கைகொடுத்தவர்களிடம் நன்றி சொன்னாய். வீட்டுக்கு வந்து நிலவறைக் குளியலறைக்குள் போய்ப் பூட்டிக்கொண்டாய்.

மூன்று வாரம் கழித்து உன் தம்பியின் கடிதம் வந்தது. அதை என்னிடம் படிக்கக் கொடுத்தாய். தந்தி கைக்குச் சேர்ந்த நேரத்தைத் தெரிவிக்கச் சொல்லி அவன் கூடுதலாகப் பணம் கட்டியிருந்தான். ஞாயிறு காலை எட்டு இருபதுக்குக் கொடுக்கப்பட்டது என்று தகவல் வந்திருந்தது. அதற்குப் பின்னால் நம் அட்டைகள் இரண்டும் போய்ச் சேர்ந்திருந்தன. இரண்டிலும் நீ அதே ஞாயிற்றுக்கிழமைத் தேதி போட்டிருந்தாய். அவன் எழுதியிருந்தான்: "அப்பா செத்த செய்தி கிடைத்த பிறகு கோட்டை பார்க்கப் போயிருக்கிறாய். கக்கூஸைப் பற்றி அப்பாவுக்கே எழுதியிருக்கிறாய். அம்மாவுக்கு நான்தான் அதைப் படித்துக் காட்டினேன். டாக்டர் பட்டம்தான் உனக்குப் பெரிதாகப் போயிற்று."

நான் படித்து முடிக்கும்வரை நீ என்னையே பார்த்துக்கொண்டிருந்தாய். "தந்தி ஆபீஸ்ல ஏதோ தப்பா எழுதிட்டாங்க," என்றேன். "இருக்கும்," என்றாய். மறுநாள் நீ தனியாகத் தபால் நிலையத்துக்குப் போய்விட்டு வந்தாய். என்ன சொன்னார்கள் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. நீயும் சொல்லவில்லை. ரசம் வைத்தாய், எனக்கும் சேர்த்து. அன்றிலிருந்து தபால்பெட்டிச் சாவியை மட்டும் நீயே வைத்துக்கொண்டாய். துக்கத்தில் வந்த பயம் என்று நினைத்துக்கொண்டேன். அதற்குப் பிறகும் நாம் கோட்டைகளுக்குப் போனோம். நீ அட்டை வாங்கவில்லை.

உன் வீட்டிலிருந்து கடிதம் நின்றுபோனது. உன் அம்மா இறந்தபோது தந்தி வரவில்லை. எல்லாம் முடிந்து ஒரு மாதம் கழித்து யாரோ உறவினர் எழுதித் தெரிந்துகொண்டாய். அந்தக் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு, "எனக்கு ஒரு வார்த்தை சொல்லணும்னு யாருக்கும் தோணலையா?" என்று மட்டும் கேட்டாய். நான் ஒரே ஒரு கடிதம் எழுதியிருந்தால் போதும். தப்பு என்னுடையது, உங்கள் அக்காவுக்கு எதுவும் தெரியாது என்று இரண்டு வரி. நூறு முறை மனதில் எழுதினேன். எழுதினால் அவன் உனக்குச் சொல்வான். நீ என்னை விட்டுப் போய்விடுவாய். அந்தப் பயத்தில் உன்னிடமிருந்து உன் வீட்டையே பறித்துக்கொண்டு, உன் பக்கத்தில் உட்கார்ந்து காபி குடித்தேன்.

பிறகு நீ ஹம் ஊருக்கு வேலை மாறிப் போனாய். அங்கேதான் நோய் வந்தது. கடைசி மாதம் ஒவ்வொரு சனிக்கிழமையும் ரயில் பிடித்து வந்தேன். சொல்லிவிட வேண்டும் என்றுதான் ஒவ்வொரு முறையும் வந்தேன். தயிர்ச்சோறு பிசைந்து கொண்டுவருவேன். முதலில் இரண்டு வாய் சாப்பிடட்டும் என்று காத்திருப்பேன். நீ சாப்பிட்டு முடிப்பதற்குள் தூங்கிப்போவாய். நானும் டப்பாவை மூடிக்கொண்டு திரும்பிவிடுவேன். என் புத்தியைப் பார்த்தாயா? அப்போதும் சோற்றின் பின்னால்தான் ஒளிந்துகொண்டேன்.

நீ போன அன்று உன் தம்பிக்குத் தந்தி கொடுத்தேன். மறுநாள் அவன் திருநெல்வேலி தொலைபேசி நிலையத்திலிருந்து எனக்குப் பேசினான். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. வர வழியில்லை, அடக்கம் செய்துவிடுங்கள் என்றான். ரொம்பக் கஷ்டப்பட்டாளா என்று கேட்டான். பிறகு அவனே தொடங்கினான்.

"அவ மேல எனக்குக் கோவம் எல்லாம் போயிட்டு அக்கா. அவ உண்மையையாவது ஒத்துக்கிட்டா."

"என்ன உண்மை?"

"அப்பவே எழுதிட்டாளே. தந்தி காலைலயே கைக்கு வந்துட்டு, எக்ஸாமை விட்டுட்டு வர மனசு இல்ல, என்னை மன்னிச்சிருன்னு. ஒரே ஒரு லெட்டர்தான். அதுக்கு நான் பதில் போடல."

தபால் நிலையத்தில் என் கையெழுத்தைப் பார்த்துவிட்டுத்தான் நீ வந்து ரசம் வைத்திருக்கிறாய். அந்த வாரமே உன் தலையில் எல்லாவற்றையும் இழுத்துப் போட்டு அவனுக்கு எழுதியிருக்கிறாய். என்னை ஏன் காட்டிக்கொடுக்கவில்லை? இங்கே உனக்கு என்னை விட்டால் ஆள் இல்லை என்பதாலா? நான் தாங்க மாட்டேன் என்றா? ஒரு நாளாவது என்னைத் திட்டியிருக்கலாம். அறைந்திருக்கலாம். எத்தனை வருடம் என்னோடு உட்கார்ந்து சாப்பிட்டாய்!

அவனிடம் சொன்னேன். நின்று பேச நேரமில்லை, மூன்று நிமிட அழைப்பு. தந்தியை நான் வாங்கினேன், நான் மறைத்தேன், மாலையில்தான் கொடுத்தேன், அவளுக்குத் தெரியாது, அட்டை எழுதும்போது அவளுக்கு ஒன்றுமே தெரியாது என்று திரும்பத் திரும்பச் சொன்னேன்.

"அக்கா," என்றான். "காலைலயே அவ கையில குடுத்திருந்தா, வந்திருப்பாளா?"

எனக்குத் தெரியாது. அதுதான் உண்மை. நாலு வருட உழைப்பு, வியாழக்கிழமை தேர்வு, அப்பா ஏற்கெனவே போய்விட்டார். நீ ஓடியிருப்பாயா, அழுதுவிட்டு இங்கேயே இருந்திருப்பாயா என்று உன்னை யாரும் கேட்கவில்லை. கேட்கவேண்டியவள் நான். நான் உன்னை ரயிலேற்றிக் கோட்டை பார்க்க அழைத்துப் போனேன். உன் தம்பிக்கு எழுதிய கடிதத்தில் நீ சொன்னது எனக்காகச் சொன்ன பொய்யா, அதற்குள் பாதி உனக்கே உண்மையா, அதுவும் எனக்குத் தெரியாது.

"வந்திருப்பா," என்றேன். "அப்பவே கிளம்பியிருப்பா."

அவன் வாய்விட்டு அழுதான். நேரம் முடிந்தது என்று எக்ஸ்சேஞ்ச் பெண் தொடர்பைத் துண்டித்துவிட்டாள். உன் சார்பில் நான் பேசிய கடைசிப் பேச்சு அதுதான். அதையும் உன்னைக் கேட்டுக்கொண்டு பேசவில்லை.